வேர் வெட்ட விடாத பிள்ளையார்

போன்சாய்த் தொழிலில் மரத்தைக் குள்ளமாக வைத்திருப்பது சுகமான வேலை. அதை வாங்கிக்கொண்டு போகிற மனிதருக்குப் புத்தி வளர்ப்பதுதான் ஆகாத காரியம்.

கடை திறந்து மனிதரோடு மாரடிக்கிற சகபாவிகளே, நீங்கள் தையல்காரராக இருக்கலாம், பல்லுப் பிடுங்குகிறவராக இருக்கலாம். உங்களுக்கு நான் அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. புளியங்குளத்தில் கண்டி வீதியோரம் என் பூங்கன்றுக் கடை. முன்னால் றோசாவும் குறோட்டனும். பின்னால் தட்டுகளில் புளி, விளா, ஆல், அரசு, பாலை எல்லாம் முழங்கால் உயரத்தில் நிற்கும். ஊரில் என்னைக் ‘கட்டைமரத்தார்’ என்பார்கள். நானும் அப்படியொன்றும் உயரமில்லை, ஆகையால் கோபித்துக்கொள்வதில்லை.

புத்தகங்களில் வசந்தகாலத் தொடக்கத்தில் வேர் வெட்டச் சொல்லியிருக்கிறது. எழுதினவர் வன்னிக்கு வந்ததில்லை. இங்கே மாரி இருக்கிறது, வெய்யில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் பொங்கற் பானை கழுவிக் கவிழ்த்ததிலிருந்து மாசி முடியும்வரை விடியப்புறத்தில் கொஞ்சம் பனி இருக்கிறது. அதுதான் எங்கள் வசந்தம். அதற்குள் இளமரங்களைத் தட்டிலிருந்து கழற்றி, வேரைச் சிக்கெடுத்து, மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புது மண் போட்டு இருத்திவிடவேண்டும். தவறவிட்டால் வேர் தட்டுக்குள்ளேயே சுருண்டு சுருண்டு மண்ணையெல்லாம் தின்றுவிடும். பிறகு பங்குனி வெய்யிலில் மரம் நின்றபடியே செத்துப்போகும்.

இந்த வருடம் எனக்கு ஒரு மரத்தின் கவலைதான். அது முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று என்கிற ஊரில் ஒரு ரீச்சர் வீட்டில் நிற்கிற அரசு. மதகு வெடிப்பில் முளைத்திருந்ததை நான் பிடுங்கி வந்து வளர்த்தது. அடிமரம் ஆனைக்கால் மாதிரி, கொப்பு குடை விரித்த மாதிரி. முழங்கால் உயர மரத்தின் நிழலில் ஒரு சுண்டெலி கால் நீட்டிப் படுத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். நம்பாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். என் கையால் ஆன வேலையில் நாலு பேருக்குக் காட்டக்கூடியது அது ஒன்றுதான். ரீச்சர் மகளைப் பார்க்க வெளிநாடு போனதால் போன தவணை வேர் வெட்டவில்லை. இந்த மாசியும் தவறினால் மரம் இல்லை.

வரம்பு கட்டிய கமக்காரர்

ரீச்சரிடம் போவதற்கு முன் கடைக்கு வந்த மரங்களை முடிக்கவேண்டியிருந்தது. முதலில் வந்தவர் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்துக் கமக்காரர் ஒருவர். தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, வயலாக்கி, இப்போது நெல்லைத் தவிர உலகத்தில் வேறு பயிர் கிடையாது என்று நம்புகிற மனிதர். என்னிடம் வாங்கிய விளாவை மோட்டார்சைக்கிளின் முன்னால் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் கொண்டுவந்தார். தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள். தட்டு நிறையத் தண்ணீர்! கீழே நான் விட்டிருந்த ஓட்டையைச் சீமெந்து பூசி அடைத்து, விளிம்பில் களிமண்ணால் வரம்பும் கட்டியிருந்தார்.

உள்ளே தவளைக் குஞ்சு நீந்தியது. மோட்டார்சைக்கிளின் பின்னால் ஒரு கொக்கு புளியங்குளம் சந்திவரை பறந்துவந்து, மரத்தை ஒருமுறை பார்த்து, ‘இதிலை பிழைப்பில்லை’ என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனது. மரத்தைக் கழற்றினேன். வேர் கறுத்து அழுகி, பழஞ்சோறு மாதிரிக் கையில் வந்தது. நல்ல வேர் ஒரு கைப்பிடி மிஞ்சியது. அழுகினதை வெட்டி எறிந்து, ஓட்டையை உளியால் திறந்து, குறுமணலும் செங்கல் நொருங்கலும் போட்டு இருத்தி, தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். ஊற்றின தண்ணீர் கீழால் ஓடிப்போவதை அவர் உயிர் போகிறதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

“தண்ணி நிக்காத காணியிலை என்னை என்னத்தை அண்ணை விதைக்கச் சொல்லுறியள்?”

தலையும் வாலும்

அடுத்தது றீற்றா. முல்லைத்தீவுக் கரையில் மீன் விற்கிறவா. நத்தாருக்கு இயேசு பாலன் குடிலில் வைக்கவென்று என்னிடம் ஒரு ஆல் வாங்கினவா. குடில் பிரித்த பிறகு மரத்தைக் குசினி வாசலில் வைத்து, தினமும் மீன் கழுவின தண்ணீரை ஊற்றியிருக்கிறா. சத்துத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவா பஸ்ஸால் இறங்கி மரத்தோடு கடைக்கு வருமுன்னே சந்தியிலிருந்த பூனைகள் எல்லாம் வந்து வரிசையில் நின்றன. வானத்தில் பிராந்து வட்டமடித்தது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் வெளியே வந்து, “இண்டைக்கு என்ன மீன்?” என்று கேட்டார்.

நான் வேரை வெட்ட வெட்ட, றீற்றா பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு துண்டையும் கண்ணால் நிறுத்தா. தராசில் மற்றவரை ஏமாற்றிப் பழகினவர்களுக்குத் தாங்களும் ஏமாறுவோம் என்ற பயம் போகாது. “உது மெல்லிசு வேர்தானே, ஏன் வெட்டுறியள்?” “உது மொத்த வேரெல்லோ, அதை ஏன் வெட்டுறியள்?” மெல்லியது நெருங்கினால் மண்ணில் தண்ணீர் இறங்காதென்றும், மொத்தமானது நிறைந்தால் தட்டு வெடிக்குமென்றும் சொன்னேன். அதெல்லாம் காதில் ஏறவில்லை. மரத்தைப் புது மண்ணில் இருத்திக் கையில் கொடுத்தேன். அவா போகவில்லை. குப்பையில் கிடந்த வேர்களைக் காட்டி நின்றா.

“ஏன் அப்பு, மீன் வெட்டக் குடுத்தாலும் தலையும் வாலும் எங்களுக்குத்தானே தாறது? உந்த வேரையும் ஒரு பையிலை கட்டித் தாங்கோ.”

பிள்ளையார் குடிவந்தார்

பையைக் கட்டிக் கொடுக்கும்போதுதான் றீற்றா இன்னொரு கதையும் சொன்னா: தண்ணீரூற்றில் ஒரு ரீச்சர் வீட்டுச் சின்ன அரசமரத்துக்குச் சனம் நேர்த்தி வைக்கிறதாம். அடுத்த நாளே கத்தரிக்கோல், வேர் சிக்கெடுக்கிற கவர்க்கம்பி, புது மண் எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிக்கொண்டு நெடுங்கேணிப் பக்கத்தால் போகிற முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினேன்.

ரீச்சர் வீட்டுப் படலையில் செருப்புகள் கிடந்தன. விறாந்தையில் நின்ற என் அரசு முற்றத்துக்குப் போயிருந்தது. செங்கல்லால் ஒரு பீடம் கட்டி, நடுவில் மணல் நிரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, பீடத்தைச் சுற்றிப் பட்டுக் கட்டியிருந்தது. அடிமரத்தோடு சாய்ந்தபடி பெருவிரல் அளவில் ஒரு பித்தளைப் பிள்ளையார். பால் வார்த்து வார்த்து வேரெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. கீழ்க்கொப்பில் விளக்குப் புகை. சோதனை பாஸ் பண்ணின பிள்ளைகள் கட்டின மஞ்சள் நூல் நான் வருடக்கணக்காகக் கம்பி சுற்றி வளைத்த கொப்பையெல்லாம் இறுக்கிக்கொண்டிருந்தது. மரத்தின் அழகு போயே போய்விட்டது. விரலை விட்டுப் பார்த்தேன். மண் இல்லை, முழுக்க வேர். வேர் மரத்தையே தட்டுக்கு மேலே தூக்கி நிறுத்தியிருந்தது. பால் வார்த்தால் அது உருண்டு வெளியே ஓடியது.

“ரீச்சர், இப்பவே வெட்டவேணும். பங்குனி பிறந்தால் என்னாலையும் ஏலாது,” என்று சொல்லிச் சாக்கை அவிழ்த்தேன். கத்தரிக்கோலைக் கண்டதும் கும்பிட்டுக்கொண்டு நின்ற ஒருத்தி அலறினா. ரீச்சர் ஓடிவந்து என் கையைப் பிடித்தா. பள்ளிக்கூடத்தில் அடிமட்டத்தோடு நின்ற அதே முகம்.

“ஆருடைய காலடியிலை கத்தரிக்கோலை நீட்டுறியள் எண்டு தெரியுதோ கட்டைமரத்தார்?”

பாலஸ்தாபனம்

நான் கெஞ்சினேன். பிள்ளையாரைக் கொஞ்ச நேரம் தூக்கிக் கதிரையில் வையுங்கோ, அரை நாளில் வேலை முடிந்துவிடும், பிறகு அவரை அவர் இடத்திலேயே இருத்தலாம் என்றேன். ரீச்சருக்கு மரத்தில் பற்று இல்லை என்று சொல்லமாட்டேன். அவாவுக்கும் மரம் பிழைக்கவேண்டும். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதாம். கோயில் திருத்தும்போது சுவாமியைச் சும்மா தூக்குகிறதில்லையே, பாலஸ்தாபனம் செய்து தற்காலிகக் கொட்டிலில் எழுந்தருளச் செய்துதானே திருத்துவார்கள்? தட்டென்றாலும் அது கோயில்தானே? வேர் வெட்டு என்றால் திருப்பணிதானே? முடிந்த பிறகு கும்பாபிஷேகமும் வேணுமெல்லோ?

குருக்களைக் கூப்பிட்டார்கள். அவர் நல்ல மனிதர், சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். தட்டைச் சுற்றிப் பார்த்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்தார். மாசியில் இருந்த நாளொன்று ரீச்சரின் நட்சத்திரத்துக்கு ஆகவில்லை. இன்னொன்று அவருக்கே வேறு கோயிலில் திருவிழா. மரத்தின் நட்சத்திரம் என்ன என்று பக்கத்து வீட்டு மனிசி கேட்டா. மதகு வெடிப்பில் முளைத்ததற்கு நான் எங்கே போய் நட்சத்திரம் பார்ப்பேன்? ‘ரேவதி’ என்று ஒரு போடு போட்டேன். குருக்கள் உடனே விரலை மடக்கினார்.

“ரேவதியெண்டால் மாசியிலை தொடவே கூடாது, ஐயா.”

சபை கூடியது

அடுத்த கிழமை போனேன். நிர்வாக சபை அமைந்திருந்தது. முழங்கால் உயர மரத்துக்கு ஒரு தலைவர்! அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், கந்தசாமி என்று பெயர். தமிழருக்கு ஒரு கல்லைக் காட்டினால் அதற்குச் சபை அமைப்பார்கள், சபை அமைந்ததும் அது இரண்டாக உடையும். இதுவும் உடைந்தது. புதுத் தட்டு மாபிளில் வேணும் என்று ஒரு கட்சி. பழைய தட்டை மாற்றினால் பிள்ளையாரின் சக்தி போய்விடும் என்று மற்றக் கட்சி. நான் கொண்டுவந்த மண்ணைப் பற்றியும் வாக்குவாதம். புளியங்குளத்து மண்ணைத் தண்ணீரூற்றுப் பிள்ளையாருக்குப் போடலாமா?

நான் ஒவ்வொரு கிழமையும் பஸ் ஏறினேன். கொண்டக்டர் என்னைக் கண்டதும் “தண்ணீரூற்றுக் கோயிலுக்கோ?” என்று கேட்கத் தொடங்கிவிட்டான். மரத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. அரசு இந்தக் காலத்தில் இலை கொட்டும்தான். ஆனால் கொப்பு நுனியும் காய்ந்து கறுத்தது. நகத்தால் சுரண்டினேன், உள்ளே பச்சை கொஞ்சந்தான். பீடத்தின் பட்டுத்துணியை உயர்த்தி அடியைப் பார்க்கப் போனேன், விடவில்லை. “இது செத்துக்கொண்டிருக்குது, ஒருத்தருக்கும் விளங்கேல்லையோ?” என்று கத்தினேன். கந்தசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் கச்சேரியில் சனத்தை ‘நாளைக்கு வாங்கோ’ என்று அனுப்பின பார்வை அது.

“நீங்கள் கத்தரிக்கோலோடை வரத் தொடங்கின பிறகுதானே இலை கொட்டுது. சுவாமிக்கு உங்களிலைதான் கோபம் போலை.”

பங்குனியில் வந்த அழைப்பு

அதற்குப் பிறகு நான் போகவில்லை. பங்குனி பிறந்து வெய்யில் ஏறினது. மரம் முடிந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மற்றத் தட்டுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ரீச்சர் போனில். மூச்சு வாங்கினது. “ஓடி வாங்கோ, தட்டு வெடிச்சிட்டுது!” என்றா. சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் சபைக்காரரைத் திட்டுவதற்கு வசனம் அடுக்கிக்கொண்டு போனேன். நல்ல வசனங்கள், ஒன்றையும் பாவிக்கக் கிடைக்கவில்லை.

முற்றத்தில் ஊரே நின்றது. தட்டு இரண்டாகப் பிளந்து பீடத்துக்கு இந்தப் பக்கமொன்று அந்தப் பக்கமொன்றாகக் கிடந்தது. நடுவில் என் அரசு நிமிர்ந்து நின்றது. கொப்பெல்லாம் செம்பு நிறத்தில் தளிர். பட்டு விலகியிருந்தது. அப்போதுதான் அடியைக் கண்டேன். தட்டின் ஓட்டையால் இறங்கின வேர், பீடத்து மணலைத் துளைத்து, செங்கல்லை நெம்பி, நேரே நிலத்துக்குள் போய்விட்டது. பக்கத்துக் கிணற்றடியின் ஈரம் அதற்கு அங்கே கிடைத்திருக்கிறது. மரம் சாகவில்லை, இத்தனை நாளும் வீடு மாறிக்கொண்டிருந்திருக்கிறது. பட்டுத்துணியை உயர்த்த விட்டிருந்தால் நான் அன்றைக்கே கண்டிருப்பேன். கண்டிருந்தால் அன்றைக்கே வெட்டியிருப்பேன்.

இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. நிலத்துக்குள் போன அந்த வேரைத் தறித்து, புதுத் தட்டில் இருத்தி, நிழலில் வைத்தால் என் மரம் எனக்கு மிஞ்சும். விட்டால் நாலு வருடத்தில் இது கூரைக்கு மேலே போகும். பிறகு வீதியோரத்தில் நிற்கிற நூறு அரசோடு நூற்றியோராவது. மெல்ல ரீச்சரின் பக்கத்தில் போய் நின்று, “ரீச்சர், ஒரேயொரு வெட்டு, ஒருத்தருக்கும் தெரியாமல்…” என்றேன். கந்தசாமி அதற்குள் சபையின் தீர்மானத்தை அறிவித்துவிட்டார்: சுவாமி தானே திருப்பணி தொடங்கினபடியால் பாலஸ்தாபனம் அவசியமில்லை. இரண்டு கட்சியும் முதன்முதலாகச் சேர்ந்து அரோகரா சொன்னது. ரீச்சர் என் சாக்கைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா. பாவம் பார்த்தாவோ தெரியாது, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னா.

“கட்டைமரத்தார், நீங்கள் எனக்குத் தந்தது மரம். இது இப்ப தல விருட்சம். கத்தரிக்கோலைச் செருப்போடை வெளியிலை வைச்சிட்டு வந்து கும்பிடுங்கோ.”

கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன், ஆனால் இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து என் வாடிக்கையாளர் காதில் போட்டுவிடாதீர்கள், இந்த மாசியில் என் கத்தரிக்கோல் படாத அந்த ஒரு மரந்தான் எல்லாவற்றிலும் செழிப்பாக நிற்கிறது.