மூன்று நகல்களில் ஒரு ராஜினாமா

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் நான் ஓடிப்போனேன் என்று எங்கள் சொந்தக்காரர்களிடையே ஒரு வரலாறு உண்டு. அதை மறுக்கிறேன். செங்கத்தில் பஸ் ஏறி, திருப்பத்தூரில் இறங்கி, ஒரு மசால்வடை தின்றுவிட்டு, மலையடிவாரத்தில் ஷேர் ஜீப்புக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்து போனேன். ஓடுகிறவன் எவனும் இவ்வளவு நிதானமாக ஓடமாட்டான். தவிர, என்னை அனுப்பியதே என் அப்பா.

அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். எனக்குப் பார்த்திருந்த பெண் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், கிராம நர்ஸாக இருந்தாள். வேலையை விட்டால்தான் தாலி. நிச்சயத்தன்று பெண்வீட்டார் தலையை ஒரு மாதிரி ஆட்டினார்கள். அதை அப்பா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பத்திரிகை அடித்து, மண்டபம் பேசி, சமையல்காரருக்கு வெற்றிலைபாக்கு வைத்த பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து ஓர் இன்லாண்டு லெட்டர் வந்தது. ‘வேலையை விடுவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. மற்றபடி நலம்.’ அவ்வளவுதான். மிச்ச இடமெல்லாம் வெள்ளை.

அப்பா அதை மூன்று முறை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு, உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர், தைரியம் சுமார்.

“ராஜினாமாக் கடுதாசிய நீயே எழுது. நேரா போயி கையெழுத்து வாங்கிக்கினு வா. கையெழுத்து இல்லன்னா கல்யாணம் இல்லன்னு சொல்லிடு.”

எழுதினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே எழுதினேன். தடித்த தாளில், மூன்று நகல்.

ஜீப்பில் பதினான்கு பேர். டிரைவர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு ஓட்டினார். அவருடைய இருக்கையில் வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் இடது பக்கம் வாணியம்பாடி பாய் ஒருவர், தோல் பதனிடக் கடுக்காய் வாங்குவதற்காக அடிக்கடி மலையேறுகிறவர். எதிரே உப்பு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மலைக்கார அம்மா. வலது பக்கம், முழங்கை இடிக்கிற தூரத்தில், ஒரு பெண். சாயம் போன சேலை, அதற்கு மேல் வெயிலுக்கு ஆம்பிளைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, மடியில் தோள்வார் வைத்த நீலப் பெட்டி. பெட்டியிலிருந்து சில்லென்று தண்ணீர் சொட்டி என் கால் மேல் விழுந்தது.

“குச்சி ஐஸா?” என்று கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் தாலி கட்ட வேண்டிய பெண். அது அவளுக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. என் மனத்தில் இருந்த நர்ஸ், நான் படித்த நாவல்களின்படி, வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக யாருக்கோ தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“ஆமாங்க, ஐஸ்தான்,” என்றாள் அவள். “கொழந்தைங்களுக்கு. ஒண்ணு குடுத்தா போதும், ஊருக்கே கேக்கும் அதுங்க கத்தறது.”

பாய்க்குத் திடீரென்று இருமல் வந்தது. மலைக்கார அம்மா உப்பு மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர்களுக்கு நர்ஸம்மாவைத் தெரியும். அவள் கண்ணைக் காட்டி அடக்கியதை நான் கவனிக்கவில்லை.

“நீங்க எங்க போறீங்க?” என்று கேட்டாள்.

முன்பின் தெரியாதவர்களிடம் குடும்ப விஷயத்தை முழுவதும் ஒப்பித்துவிடும் வியாதி எனக்கு உண்டு. சொன்னேன். நிபந்தனை, இன்லாண்டு லெட்டர், அப்பாவின் கோபம், எதையும் விடவில்லை.

“பொண்ணு எப்டி?”

“படிச்ச பொண்ணு. கொஞ்சம் திமிர்னு கேள்வி.”

“யாரு சொன்னாங்க?”

“அப்பா.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்னு வச்சிக்கலாம்,” என்றேன்.

உண்மை என்னவென்றால், பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளைக்குக் கண் கோளாறு என்று பேசிவிடுவார்களே என்று அம்மா என் கண்ணாடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு எருமையும் எதிர்வீட்டுச் சுவரும் ஒன்று. பச்சையாக ஏதோ வந்தது, தட்டை வைத்தது, போனது. நான் தட்டைத் தடவித் தடவி எட்டு பஜ்ஜி தின்றேன். வீட்டில் ஒரு போட்டோ இருந்தது. ஸ்டூடியோக்காரர் பூசிவிட்ட பவுடருக்குப் பின்னால் யாரை நிற்கவைத்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“லெட்டர் இன்னா எழுதிக்கீறே, படி வாத்தியாரே,” என்றார் பாய். “ரோடு போறதே தெரியாது.”

எழுதியவனிடம் படிக்கச் சொன்னால் மறுப்பானா? கொண்டைஊசி வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து உரத்த குரலில் படித்தேன். “‘இல்லறம் எனும் நல்லறம் இருகரம் நீட்டி என்னை அழைப்பதால், இம்மலைவாழ் மக்களுக்குத் தொண்டாற்றும் பேற்றினை நிறைந்த மனத்துடன் துறக்கின்றேன்...’”

“ஷபாஷ்!” என்றார் பாய்.

மலைக்கார அம்மா தலையைத் தூக்கினார். “யாரு எழுதனது இது?”

“நான்தாங்க.”

“யாரு வுட்டுட்டுப் போறது?”

“அந்தப் பொண்ணு.”

“அவ மனசு நெறஞ்சிது உனக்கு எப்டிய்யா தெரியும்?”

ஜீப் மொத்தமும் சிரித்தது. டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டி பள்ளத்தாக்குப் பக்கம் கொஞ்சம் போய்வந்தது. “எங்க ஜனத்துல மாப்ள வூட்டுக்காரன்தான் பரிசத்தத் தூக்கிக்கினு பொண்ணு வூட்டுக்கு நடப்பான்,” என்று அந்த அம்மா விடாமல் தொடர்ந்தார். “நீ காயிதத்தத் தூக்கிக்கினு வர்றே. இன்னா கல்யாணமோ போ!”

நீலப் பெட்டிக்காரி மட்டும் சிரிக்கவில்லை. “கையெழுத்து போடலன்னா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“கல்யாணம் இல்லன்னு சொல்லச் சொன்னாரு.”

“அது உங்கப்பா. நீங்க இன்னா சொல்றீங்க?”

இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஜீப்பிலேயே அதிகம் படித்தவன் நான். “பாக்கலாம்,” என்றேன்.

அடுத்த ஏற்றத்தில் ஜீப் உறுமி, குலுங்கி, புகைவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து பார்த்து, மறுபடி மூடிவிட்டுப் பீடி பற்றவைத்தார். அதிலிருந்தே எல்லோருக்கும் நிலவரம் புரிந்துவிட்டது. பாய் மரநிழலில் துண்டை விரித்துப் படுத்தார். மலைக்கார அம்மா மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஜீப்பே வராததுபோல் நடந்து போய்விட்டார். ஊருக்கு இன்னும் மூன்று மைல்.

குலுங்கியதில் நீலப் பெட்டியின் கொக்கி தெறித்துப்போயிருந்தது. மூடி சரியாக உட்காரவில்லை. இடைவெளியில் குளிர் புகையாக வெளியே வந்தது. அவள் முகம் மாறியது. வாரைச் சுற்றி இறுக்கினாள். போதவில்லை.

“காயிதம் இருந்தா குடுங்க. தடி காயிதம்.”

“உருகினா உருகட்டுமே. ஐஸ்தானே, நாளைக்கு வேற போட்டுக்கலாம்.”

“உருகிச்சின்னா உள்ள இருக்கற மருந்து வீணுங்க. மேல நாப்பது கொழந்தைங்க ஊசிக்கு ஒக்காந்துக்கினு இருக்கு. வேல வெட்டிய வுட்டுட்டுத் தூக்கியாந்து ஒக்கார வச்சிருக்காங்க. கையிலதான் இருக்கே, குடுங்க.”

என் கையில் இருந்தது ராஜினாமா. ஊசி என்ற சொல் என் காதில் விழுந்து, மூளைக்குப் போய்ச்சேர இன்னும் நடந்துகொண்டிருந்தது. “இதுல அந்தப் பொண்ணு கையெழுத்து போடணும்ங்க,” என்றேன்.

அவள் மூன்று நகல்களையும் என் கையிலிருந்து உருவினாள். நான்காக மடித்தாள். மூடியின் இடுக்கில் ஒவ்வொன்றாகச் செருகி, உள்ளங்கையால் குத்தி இறுக்கினாள். புகை நின்றது.

“அந்தப் பொண்ணு படிச்சிட்டா. போட மாட்டா,” என்றாள். “எட்டு பஜ்ஜி தின்னீங்களே, ஒரு தடவ நிமுந்து என் மூஞ்சியப் பாத்தீங்களா?”

பாய் துண்டில் படுத்தபடி கண்ணைத் திறக்காமல், “இப்பத்தான் தெரிஞ்சிதா வாத்தியாரே?” என்றார்.

அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, அங்கேயே உட்கார்ந்து கீழே போகிற வண்டி பிடித்து, அப்பாவிடம் போய் நடந்ததைச் சொல்வது. இன்னொன்று, பெட்டியைத் தூக்குவது. பெட்டியைத் தூக்கினேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. அவள் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அரை மைல் நடந்தோம். பிறகு கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள்.

“அப்ப நான் உங்களுக்குத் தெரியவே இல்லியா? திமிர்னு இல்ல நெனச்சேன்!”

“தெரிஞ்சீங்க. பச்சையா.”

“நான் கட்னது நீலம்,” என்று சொல்லி, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரல் பழையபடி ஆகிவிட்டது. “இங்க வந்து மூணு வருஷம் ஆவுது. மொத வருஷம் என்னப் பாத்தாலே புள்ளைங்களத் தூக்கிக்கினு காட்டுக்குள்ள ஓடுவாங்க. சாமைக் கொல்லைலலாம் தொரத்திக்கினு ஓடியிருக்கேன். இப்ப ஒரு வாரம் வரலன்னா ஏன் வரலன்னு சண்டைக்கு வர்றாங்க. இத வுட்டுட்டு செங்கத்துல உங்கம்மாவுக்கு வெங்காயம் உரிக்கணுமா? சொல்லுங்க.”

எங்கள் வீட்டில் வெங்காயத்தை நான்தான் உரித்துக்கொண்டிருந்தேன். அதை அப்போது சொல்லவில்லை.

ஊருக்குள் நுழைந்தபோது எங்களுக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. உப்பு மூட்டை அம்மா எல்லாவற்றையும் நடித்தே காட்டியிருந்தார். புளியமரத்தடியில் இருந்த பெண்கள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்து, “இதுவா மாப்ள?” என்று கேட்டுக்கொண்டார்கள். யாரும் ஒளிந்து பேசவில்லை. எனக்கு வேலை கொடுக்கப்பட்டது: குழந்தைகளின் காலை ஆடாமல் பிடிப்பது. நாற்பது குழந்தைகளின் கருத்தும் என் வேட்டியில் பதிவானது. அவள் ஒவ்வொரு குழந்தையின் பெயரும், அதன் அம்மா பெயரும், போன தடவை எந்தத் தொடையில் ஊசி போட்டது என்பதும் தெரிந்தவளாக இருந்தாள். கடைசிக் குழந்தை அழுது முடித்தபோதும் பெட்டியில் ஐஸ் மிச்சமிருந்தது.

“நீங்க வேலைய வுட வேணாம்,” என்று அவளிடம் சொன்னேன். பெரிய தியாகம் செய்துவிட்ட தோரணை எனக்கு.

“வுடறதா நான் சொல்லவே இல்லியே,” என்றாள், ஊசிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டபடி. “எங்கிட்ட சொல்றது சுலபம். சொல்ல வேண்டிய எடம் செங்கத்துல இருக்கு. ஞாயித்துக்கெழம மண்டபத்துக்கு நான் வந்துடுவேன். அதுக்குள்ள உங்க ஜனம் அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்கணும். மணைல ஒக்காந்தப்பறம் யாராவது ஒருத்தர் வேலைய எப்ப வுடப்போறேன்னு கேட்டாங்க, எழுந்து போய்டுவேன். அழ மாட்டேன், சண்ட போட மாட்டேன். போய்டுவேன்.”

அன்று சாயங்காலமே செங்கம் திரும்பினேன். அப்பா வாசலில் நின்றிருந்தார்.

“கையெழுத்து?”

“போடல.”

“கடுதாசி?”

“பொட்டிய அடைக்க ஒதவுச்சி.”

“அப்ப கல்யாணம் இல்ல.”

“இருக்குப்பா. அவங்க வேலைல இருப்பாங்க. நானும் மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தல் கேக்கப்போறேன்.” பயத்தில் நான் புதிதாக என்ன செய்திருந்தாலும், நாற்பது குழந்தைகள் நனைத்த வேட்டியில் அது தெரிந்திருக்காது.

அடுத்த நாள் மாற்றல் மனு கொடுத்தேன். மனுவை வாங்கியவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, “என்னங்க தப்பு பண்ணீங்க?” என்று கேட்டார். மலைக்கு அனுப்புவது அந்தக் காலத்தில் தண்டனை; அதைக் கேட்டு வாங்க வந்தவனை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

பிறகு, ஏற்கெனவே பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி படியேறினேன். இரண்டு நாள், சைக்கிளில். ‘பெண் வேலையை விடமாட்டாள், நான் அவளோடு மலைக்குப் போகிறேன், தெரிந்துகொண்டு வாருங்கள்’ என்று வீடுவீடாகச் சொன்னேன். பெரிய மாமா, “பொண்டாட்டி சம்பளத்துல துன்னப் போறியாடா?” என்று கேட்டார். “ஆமாம் மாமா, என் சம்பளத்துலயும் சேத்துத் துன்னலாம்னு இருக்கோம்,” என்றேன். ஓடிப்போன கதை பிறந்தது அந்த வீட்டில்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அப்பாவும் வந்தார், கடைசி வரிசையில், யாருக்கோ நடக்கும் கல்யாணம் போல. மணையில் உட்கார்ந்தாயிற்று. ஐயர் தேங்காயைக் கையில் எடுத்த நேரத்தில் அவளுக்குப் பூ சரிசெய்ய வந்த என் அத்தை குனிந்து, “எப்பம்மா வேலைய வுடப்போறே?” என்றாள்.

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கையை மணையில் ஊன்றி எழுந்தாள். நானும் எழுந்தேன். ஐயர் இரண்டு பேரையும் அண்ணாந்து பார்த்தார். நாதஸ்வரத்துக்கு மேலாகக் கேட்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியது அதே நேரத்தில்தான்.

“அத்தை! அவங்க வேலைய வுட மாட்டாங்க! உங்க வூட்டுக்கு வந்து நேத்தே சொன்னேன்! யாருக்காவது இன்னொரு வாட்டி சொல்லணுமா?”

கடைசி வரிசையில் அப்பா எழுந்தார்; துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாப்பாட்டு இலைக்குத்தான் போனார் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரியாது. தெரியாமலேதான் நின்றேன். வேறு யாராவது எழுந்தாலும் நிற்பதாகவே இருந்தேன்.

பக்கத்தில் சேலை சரசரத்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“கத்துனது போதும், ஒக்காருங்க,” என்றாள். “புதன்கெழம சொட்டு மருந்து இருக்கு.”