பயிற்சிக்குப் போய் வந்த அக்கா

முந்தின நாள் ‘படகு’ என்று தடையில்லாமல் வாசித்த சிறுமி, மறுநாள் காலையில் அதே பக்கத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தாள். விரல் அந்தச் சொல்லின் மேலேயே இருந்தது; வாய்தான் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். “உப்புப் பாத்தியில வெயில் அடிச்சா கண்ணு கூசும்லா டீச்சர், அதே மாதிரி எழுத்து ஆடுது” என்றாள். அவள் அம்மா உப்பளத்தில் வேலை செய்தாள். அந்தப் பிள்ளையும் சில காலம் படிப்பை விட்டுவிட்டு உப்பு வாரியவள்.

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டியிருந்த ஒரு மையத்தில் நான் அப்போது டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, கொஞ்ச காலம் சொல்லிக்கொடுத்து, மறுபடியும் பள்ளியில் சேர்த்துவிடுவது எங்கள் வேலை. சின்னதும் பெரிசுமாக எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள். பட்டப்படிப்பு முடித்திருந்தேனே தவிர, ஆசிரியப் பயிற்சி எனக்குக் கிடையாது. கோபம் வந்தால் சிலேட்டை விட்டெறிகிறவனை, அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து பேச்சை நிறுத்திக்கொண்டவனை, எழுத்து ஆடுகிறது என்று சொல்கிறவளை என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்பாக இருங்கள் என்றார்கள். அன்பாகத்தான் இருந்தோம். ஆனால் அன்பாக இருந்ததால் மட்டும் எழுத்து ஆடாமல் நின்றுவிடவில்லை.

எங்களுக்கு மேலே ஒருங்கிணைப்பாளராக இருந்தவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாசரேத் பக்கத்துக்காரர், பரம்பரையாக ஆசிரியர் குடும்பம். ஸ்கூட்டரில் வந்து இறங்கினால் மையமே கலகலத்துவிடும். என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உரிமையோடு ஒரு வாய் எடுத்துக்கொள்வார். என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரியில் வந்து கூட இருந்தவர் அவர். அதனால்தான் இதை இன்னும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் செய்திருந்தால் மறந்திருப்பேன்.

அக்கா வரும்போதெல்லாம் எழுத்து ஆடுகிற அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வேன். ஒருமுறை நகரத்தில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். செல்போனில் வருகைப் பதிவு போடச் சொல்லிக்கொடுத்து, வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் எழுந்து எழுத்து ஆடுகிற பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்கு, இன்றைய தலைப்பு அது இல்லையே என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். வெளியே வந்ததும் அக்கா என் தோளில் கை போட்டார். “ஏளா, வெசனப்படாத. மதுரையில இதுக்குன்னே ஒரு பயிற்சி வருது. ஒன்னத்தான் அனுப்புவேன்.”

நான் அதை நம்பி எல்லா ஏற்பாடும் செய்தேன். மகளைப் பார்த்துக்கொள்ள மாமியாரை வரவழைத்தேன். அந்தப் பிள்ளையிடமும், “போய்ப் படிச்சிட்டு வாரேன், எழுத்த நிக்க வச்சிருவோம்” என்று சொல்லியிருந்தேன். கிளம்ப வேண்டிய காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. “ஒருங்கிணைப்பாளர்தான் வரணும்னு மேல சொல்லிட்டாவ. நான் போயிட்டு வந்து ஒனக்குச் சொல்லித் தாரேன், சரியா?”

போனார், வந்தார். அங்கே எடுத்த படங்களைக் காட்டினார். என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், “பெறவு ஆற அமர உக்காந்து சொல்லுதேன்” என்பார். அந்த ‘பெறவு’ வரவேயில்லை.

சில மாதங்களில் மையத்தைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் கையில் அகப்பட்டது அந்தப் பிள்ளைதான். புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றாள், ஒரு சொல்லும் வரவில்லை. ஒருவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “டீச்சருங்க யாருக்கும் முறையான பயிற்சி கெடையாது சார். நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.”

மையத்தை மூடினார்கள். காரணம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டதும் அதே வார்த்தைதான்: தகுதியில்லாத ஆசிரியர்கள். பிள்ளைகளை அரசுப் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. அம்மாவோடு உப்பளத்துக்கே போனாள்.

இப்போது நான் வேறொரு மையத்தில் இருக்கிறேன். போன மாதம் எங்களுக்குப் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து நின்றவர் அக்கா. மாற்றுக் கல்வி ஆசிரியர்களுக்கு இப்போது ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறவர் அவர்தானாம். எழுத்து ஆடுகிறது என்று சொன்ன ஓர் உப்பளத்துப் பிள்ளையின் கதையைச் சொன்னார். தன் கண்டுபிடிப்பாகவே சொன்னார். அவள் இன்று நன்றாக வாசிக்கிறாள் என்று முடித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள்.

தேநீர் இடைவேளையில் அவரே என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “அந்தப் பிள்ளைக்கு என்ன செஞ்சிருக்கணும்க்கா?”

சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு தட்டில் பொடி மணலோ உப்போ பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவைக்க வேண்டும். ஒரே மாதிரித் தெரிகிற எழுத்துகளைச் சேர்த்துக் கொடுக்காமல் ஒன்று பழகிய பிறகு மற்றொன்று. வாசிக்கும்போது மற்ற வரிகளை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டும். உடனே சரியாகிவிடாது, விடாமல் செய்தால் பிடிபடும். சொல்லி முடித்தபோது கையிலிருந்த டீ ஆறக்கூட இல்லை. எங்கள் மையத்தைச் சுற்றி மலைமலையாகக் குவிந்து கிடந்தது உப்புதான்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீ கேக்கவே இல்லையேளா” என்றார். அவர் முகத்தில் பொய் தெரியவில்லை. உண்மையிலேயே மறந்திருந்தார்.

அவள் இன்னும் உப்பளத்துக்குத்தான் போகிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் மணி அடித்து எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

மத்தியானம் அமர்வின் முடிவில், யாருக்காவது சந்தேகம் உண்டா என்று அக்கா கேட்டார். வழக்கமாக யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். நான் எழுந்தேன். மைக்கை என் கையில் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். “நீங்க சொன்ன அந்தப் பிள்ள என்ட்டதான் படிச்சா. இன்னும் வாசிக்கத் தெரியாம உப்பு வாரிக்கிட்டு கெடக்கா. இப்ப என் வகுப்புல அவள மாதிரி இன்னொரு பிள்ள இருக்கு. பேசாத பிள்ள ஒண்ணு இருக்கு. எல்லாரையும் அடிக்கிறவன் ஒருத்தன் இருக்கான். ஒவ்வொண்ணா கேக்கேன், சொல்லுங்கக்கா.” எனக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வேறு டீச்சர்களும் தங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க எழுந்து நின்றிருந்தார்கள்.