கம்பிக்குள் கேப்

நேற்று அண்ணன் மகள் புது ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் திறந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். "இன்னா சித்தப்பா தேடிகினு கீற?" என்றாள். ஒரு ஆளை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நம்புங்கள், ஒரு காலத்தில் நாங்கள் புரதங்களுக்கு வண்ணம் தீட்டினோம். செல்லின் சவ்வில் செருகி நிற்கும் புரதங்கள். ஒவ்வொன்றும் நீளமான எழுத்து வரிசை, ஒரு அமினோ அமிலத்துக்கு ஒரு எழுத்து. மனிதனுடையது, எலியுடையது, ஈஸ்டுடையது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒத்த எழுத்துகள் நேருக்கு நேர் வரும்படி நகர்த்த வேண்டும். பொருந்தாத இடத்தில் கோடு போட்டு இடைவெளி விடலாம். ஆய்வுக்கூடத்தில் அதன் பெயர் கேப். கம்ப்யூட்டர் அடுக்கித் தருவதை அச்செடுத்து, சவ்வுக்குள் வரும் பகுதிக்கு ஸ்கெட்ச் பேனாவால் மஞ்சள் தீட்டி, கையால் திருத்துவோம். திருத்தணியில் ஏறும் நானும் அரக்கோணத்தில் ஏறும் ஷஃபியும், சென்னை போகும் காலை ரயிலில், மடியில் தாளை விரித்துக்கொண்டு.

இருவருக்கும் தற்காலிக வேலை. நிரந்தர இடம் ஒன்றுதான். யாருடைய அடுக்கு நன்றாக இருக்கிறதோ அவருக்கு என்று பேராசிரியை சொல்லிவிட்டார். எனக்கு அவசரம் பிறவிக்குணம். பொருத்தத்துக்குக் கம்ப்யூட்டர் போடும் மதிப்பெண் ஏறுகிறதே என்று கண்ட இடத்தில் கேப் திணித்து எழுத்துகளைப் பொருத்திவிட்டேன். மணவூர் தாண்டும்போது பெருமையாக நீட்டினேன்.

"இன்னாபா, மஞ்சளுக்குள்ள கேப் உட்டு வச்சிகிறே?" என்றான் ஷஃபி. "ஸ்கோர் கெடக்குது. உங்க மல மேல கிருத்திகைக்கு கியூ கம்பிக்குள்ள போவுதே, அங்க யார்னா கேப் உடுவானா? கம்பிய தாண்டிட்டா எப்டி வேணா நில்லு."

சவ்வைக் கடக்கும் துண்டு நடுவில் அறுந்தால் புரதம் நிற்காது. அங்கே எண்ணெயோடு ஒட்டும் எழுத்துகளே கூட்டமாக இருப்பதால், எதை எதன்கீழ் வைத்தாலும் பொருந்துவதுபோல் ஏமாற்றும். ஆகவே சவ்வுக்குள் கேப் விட்டால் மதிப்பெண்ணில் பெரிய வெட்டு, வெளியே விட்டால் சின்ன வெட்டு, சவ்வுக்கென்று தனி மதிப்பெண் அட்டவணை. எல்லாவற்றையும் என் தாளிலேயே எழுதிக் கொடுத்தான். போட்டிக்கு நிற்பவனுக்கு யாராவது கொடுப்பார்களா?

அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். "யோசனை உன்னுடையதா?" என்று பேராசிரியை கேட்டார். "ஆங்" என்றேன். முழுசாக ஆமாம் என்று சொல்லக்கூடத் துணிவில்லை. இடம் எனக்குக் கிடைத்தது. ஷஃபி ஒன்றும் கேட்காமல் மருந்து விற்பனைக்குப் போய்விட்டான். இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது கையால் திருத்தும் அந்த வேலையே இல்லை. கம்ப்யூட்டரே சவ்வைக் கண்டுபிடித்து, அடுக்கி, புரதத்தின் உருவத்தையும் வரைந்து தருகிறது. மஞ்சள் தாள்கள் எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போயினவோ. மனம் கேட்காமல் நேற்று மாலையே ஷஃபிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நானா சொன்னேன்?" என்று சிரித்தான். "ஒன்னும் ஞாபகம் இல்லபா. அது உன் ஐடியா தான? எல்லார்கிட்டயும் அப்டிதான் பெருமையா சொல்லிகினு கீறேன்."