அம்மன் பாட்டுக்கு ஏது ஓனர்?

இன்னிக்கு காலையில பெடாஸ் டவுன் மார்க்கெட்ல மீன் வாங்கிட்டிருந்தேன்.

"அக்கா, எஸ்டேட் கோயில் ஃபேஸ்புக் பேஜ் நீங்கதானே பாத்துக்கிறீங்க?"

திரும்பினா, நம்ம திருவிழாவுக்கு உறுமி மேளம் அடிச்ச குழுவோட தலைவர். மத்த நாள்ல லோரி ஓட்டுறவரு.

அவங்க புதுசா வெளியிட்ட அம்மன் பாட்டு அத்தனையும் போன வாரம் டவுன்லோட் லிங்க்கோட பேஜ்ல போட்டது நான்தான். பெரிய மனசு பண்ணி, கீழே "பாடியவர்களுக்கு நன்றி"ன்னு வேற எழுதியிருந்தேன்.

"நன்றி சொன்னா அனுமதி வாங்கின மாதிரி ஆயிடுமாக்கா?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு.

"சாமி பாட்டுதானே தம்பி, அதுக்கு ஏது ஓனர்?"

"எழுதி மெட்டு போட்டது நாங்க. ரெக்கார்டிங் உரிமை கம்பெனிகிட்ட இருக்கு. நான் சும்மா இருந்தாலும் அவங்க லோயர் லெட்டர் அனுப்பலாம். கேஸ்னு வந்தா, போட்டவங்க பேர்லதான் வரும்."

மீன் பையோட அங்கேயே நின்னு போஸ்ட்டை அழிச்சேன்.

அது போதாது லா. பாட்டு ஏற்கனவே நம்ம வாட்சப் குரூப் எல்லாத்துலயும் சுத்திட்டிருக்கு. ஒவ்வொருத்தர்கிட்டயும் அழிக்கச் சொல்லிக் கேக்கப் போறேன். கோயில் கமிட்டி கோவிச்சாலும் சரி, இனிமே எழுத்துல அனுமதி இல்லாம பேஜ்ல ஒரு பாட்டும் ஏறாது.

"ஏது ஓனர்?"னு என்னை மாதிரியே கேக்கறவங்க கமெண்ட்ல வாங்க. தேருக்கு முன்னால மூணு மணி நேரம் வெறுங்காலோட உறுமி அடிச்சாரே, அவருதான் ஓனர். "இன்னும் ஒரு பாட்டு லா"ன்னு அவரைப் போக விடாம நிறுத்தி வெச்சது நாமதான்.