கூடக் கேட்ட துணி

தி.நகரில் ஒரு சந்துக்குள் எனக்குத் தையல் கடை. ஜாக்கெட்டுக்கு எண்பது சென்டிமீட்டர் போதும் என்றால் ஒரு மீட்டர் கேட்பது எங்கள் தொழிலில் வழக்கம். துணி சுருங்கும், கைக்குப் பத்தாது என்று ஏதாவது சொல்லிவைப்போம். மிஞ்சுவது கடைக்கு. இதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. நானோ பணக்காரர்களிடம் மட்டும்தான் கூடக் கேட்பேன். பஸ்ஸில் வந்து இறங்குகிறவளிடம் கேட்க மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

அடையாறிலிருந்து ஓர் அம்மா காரில் வருவார். பீரோ நிறையப் பட்டு. ஒருமுறை, பனாரஸில் தனக்கென்றே சொல்லி நெய்யவைத்த மயில்கழுத்து நிறத் துணியோடு வந்தார். ஒன்றரை மீட்டர் வேண்டும் என்றேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார். மிஞ்சியதில், என் கடை வாசலில் பூ விற்கிறவளின் மகளுக்கு நிச்சயதார்த்த ஜாக்கெட் தைத்தேன். ஒல்லியான பெண், துணி சரியாகப் போதும். போட்டவள் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. "இன்னாக்கா இது, சினிமாக்காரி மாதிரி கீது!" என்று அம்மாக்காரி கன்னத்தில் கைவைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முக்கால் மீட்டர் குறைந்ததால் அந்த அடையாறு வீட்டில் அடுப்பு எரியாமல் போய்விடுமா என்ன?

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. சோறாக இருந்தால் தின்றதும் தீர்ந்துபோகும். இது போட்டோவில் இருக்கும்.

நிச்சயம் முடிந்த வாரமே அந்த அம்மா வேறு துணியோடு வந்தார். பூக்காரி ஆசையாக ஓடிவந்து செல்போனை நீட்டினாள்.

"பாரும்மா, எம் பொண்ணு. ஜாக்கெட்டு அக்கா தெச்சுக் குடுத்தது."

அந்த அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது என் துணியாச்சே. எங்கேர்ந்து எடுத்தே?"

என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார். பூக்காரிக்கு முகம் செத்துவிட்டது. "எடுத்தேனா? நானா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கிற நேரம்தான் இருக்கும். அதற்குள் நான் இரண்டு பொய்களை யோசித்துவிட்டேன், வெட்கக்கேடு. அப்புறம்தான் வாய் வந்தது. "நான்தாம்மா குடுத்தேன். மிஞ்சிச்சு."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றார். கொண்டுவந்த துணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்டால்தான் கொடுப்பீர்களா? பீரோ நிறைய வைத்திருப்பவருக்குத் தானாகத் தோன்றாதா? அடுத்த நிமிஷமே, இத்தனை வருஷத்தில் ஒருதரமாவது வாய்விட்டுக் கேட்டிருக்கிறேனா என்று தோன்றியது. இன்றைக்கும் இதுதான் என் தொல்லை. பாதித் தையலில் எழுந்து சந்துக்கும் கடைக்குமாக நடக்கிறேன்.

மறுநாள் பூக்காரி ஜாக்கெட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்தாள்.

"கல்யாணத்துக்குப் பத்து நாள் கீது. சம்பந்தி வூட்டுல தெரிஞ்சா எம் பொண்ணைத்தான் திருடின்னுவாங்க, உன்னைச் சொல்ல மாட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டியாக்கா?"

முகூர்த்த ஜாக்கெட்டைக் கடையில் வாங்கிய துணியில், ரசீதோடு தைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். வேணாக்கா என்றாள். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

கல்யாணத்துக்குப் போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ரெடிமேட் ஜாக்கெட், தோளில் நிற்கவில்லை. தாலி கட்டும்போதுகூட அந்தப் பெண் ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கைப்பையில் ஊக்கு இருந்தது. ஒன்றே ஒன்று குத்திவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன். பூக்காரி மேடையிலிருந்தே என்னைப் பார்த்தாள். பார்த்து, வராதே என்று கையைக் காட்டினாள்.