கல்லோடு வந்த பல்லிச் சத்தம்

படப்பையில் பழனிவேல் வீடு என்றால் யாருக்கும் தெரியாது. மீன்தொட்டிக்காரர் வூடு என்றால் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். இத்தனைக்கும் அந்தத் தொட்டி அவருடையதே இல்லை. மகன் ஜெகதீஷ் குவைத்துக்குக் கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோப்பா" என்று ஒப்படைத்துப் போன கடல் மீன்கள். தொண்ணூறாம் வருஷம் ஆடி மாசம் அங்கே சண்டை மூண்டது. மற்றவர்களின் பிள்ளைகளெல்லாம் ஊர் வந்து சேர, இவன் இருக்கிறானா இல்லையா என்றே தகவல் இல்லை. பாவம், மனுஷர் என்ன செய்வார்? கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் கேனைத் தூக்கிக்கொண்டு கடல் தண்ணீர் கொண்டுவரக் கோவளத்துக்குப் பஸ் ஏறுவார்.

தொண்ணூற்றொன்று பொங்கல் கழிந்து, மீன்கள் ஒளிந்து விளையாடட்டுமே என்று துளை விழுந்த கல் ஒன்றையும் கடலிலிருந்து எடுத்துவந்து தொட்டியில் போட்டார். வம்பைத் தோளில் சுமந்து வந்தது அவருக்கு எப்படித் தெரியும்!

அன்று விளக்கேற்றிய மனைவி மரகதம், "எம்புள்ள உசுரோட கீறானா?" என்று முனகினாள்.

டொக், டொக்.

"பல்லி சொல்லிடுச்சுங்க" என்று விரலை மடக்கித் தரையைத் தட்டிக்கொண்டாள். மாதக்கணக்கில் கொறித்துக்கொண்டிருந்தவள் அன்று சோற்றை மறுபடி போட்டுக்கொண்டாள்.

அதன்பின் தினமும் கேட்பாள், பல்லியும் சொல்லும். தொட்டியிலோ மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நத்தைகள் ஓடு நொறுங்கிக் கிடந்தன. பழனிவேல் பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டித் தீர்த்தார்.

ஒரு மத்தியானம், மரகதம் கடைக்குப் போயிருந்தபோது பார்த்துவிட்டார். கல்லின் துளையிலிருந்து இறால் மாதிரி ஒன்று, பச்சையாக, விரல் நீளம், முழியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தது. மடக்கி வைத்திருந்த கையை வீசி ஒரு நத்தையை அடித்தது. டொக்.

அதே சத்தம். அண்ணாந்து சுவரைப் பார்த்தார், பல்லி எதுவும் இல்லை.

மீதி இருந்தது ஒரே ஒரு மீன். பிள்ளை வந்து கேட்டால் காட்ட அதுவாவது வேண்டாமா? கல்லை எடுத்து, கடல் தண்ணீர் இருந்த வாளியில் போட்டுக் கொல்லையில் வைத்தார்.

சாயங்காலம் மரகதம் விளக்கேற்றிக் கேட்டாள். சத்தமில்லை. மறுபடி கேட்டாள். சுவரெல்லாம் தேடினாள். "இன்னாங்க இது, வாயே தொறக்கல?" என்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சொல்லவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை அவரால். எழுந்து போய் வாளியைக் கொண்டுவந்தார். "கல்ல கழுவ எடுத்தேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் இறக்கினார். ஒற்றை மீன் மூலைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

"வந்துடுவானாங்க?"

டொக்.

மரகதம் அழுதபடியே தரையைத் தட்டினாள். பழனிவேலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தரையைத் தட்டிக்கொண்டார்.