வலப்பக்கத்துப் பை

ஜோடித் தோல் பைகளை வாங்கி பைக்கின் இரண்டு பக்கமும் மாட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் பிடித்தது. சக்கரத்தில் புடவை சிக்காமலிருக்க இடப்பக்கம் வைத்திருந்த சாரி கார்டு இடித்தது. அதையும் அதோடிருந்த கால்பலகையையும் கழற்றிப் போட்டேன். வண்டி பார்க்கக் கம்பீரமாக இருந்தது.

மேலுக்கோட்டைக் கோயிலுக்குக் கிளம்பி என் மனைவி புடவையில் வந்தாள். எப்போதும் இரண்டு கால்களையும் இடப்பக்கமே போட்டு உட்காருகிறவள்.

"பை சென்னாகிதே, நன்னாத்தான் இருக்கு. என் காலை எங்க வெச்சுக்கறது, அதுக்குள்ளயா?"

"சுடிதார் போட்டுண்டு வாயேன்."

"கோயிலுக்கா? அப்ப நீங்க பையைக் கூட்டிண்டு போங்கோ."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இடப்பக்கப் பையை அவிழ்த்துவிட்டு சாரி கார்டையும் கால்பலகையையும் திரும்ப முடுக்கினேன். அவள் தேங்காய், தண்ணீர் பாட்டில்கள், தயிர்சாத டப்பா எல்லாவற்றையும் வலப்பக்கப் பையில் அடைத்தாள்.

அவள் ஏறினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். கல்யாணமான நாளிலிருந்து நான் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் ஓட்டி வந்திருக்கிறேன். அன்று அந்தப் பை பாரத்தைச் சமன் செய்துவிட்டது. ஊரைத் தாண்டியதும் வண்டி நூல் பிடித்தமாதிரி நேராகப் போனது. பின்னால் ஆளே இல்லாதது போலிருந்தது. பயந்துபோய் இடக்கையைப் பின்னால் நீட்டித் தடவினேன்.

"இங்கதான் இருக்கேன். ரெண்டு கையாலயும் ஓட்டுங்கோ," என்றாள். பிடித்த என் விரல்களை மட்டும் அவள் விடவில்லை.